என் 'சர்வதேச விருது' பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் எடுத்த குறும்படம் 12 சர்வதேச விருதுகளை வாங்கியிருக்கிறதாம். கையில் கோப்பை, பின்னால் போஸ்டர், இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும். அந்தத் தம்பியை எனக்குத் தெரியாது, படத்தையும் பார்த்ததில்லை, நல்ல படமாகவே இருக்கலாம். ஆனால் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 3 வருஷத்துக்கு முன்னால் அதே பக்கத்தில் அதே மாதிரி கோப்பையோடு நின்றவன் நான். அன்று நீங்கள் போட்ட செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். முகூர்த்த மாதங்களில் சம்பாதிப்பதை ஆடியிலும் மார்கழியிலும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அப்படி ஒரு ஆடியில், என் சித்தி வீட்டிலேயே 3 நாள் எடுத்த படம் அது. தையல் மிஷினை விற்க முடிவு செய்த ஒரு அம்மா, வாங்குகிறவர் வருவதற்குள் கடைசியாக ஒரு ஜாக்கெட்டைத் தைத்து முடிக்கப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. 17 நிமிடம். செலவு 90,000 ரூபாய், அதில் பாதிக்கு மேல் லைட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போனது. நடித்தவர்கள் எல்லாம் தெருக்காரர்கள், யாரும் காசு வாங்கவில்லை. "எப்பப்பா போடுவ, எங்களுக்குக் காட்டு" என்று மட்டும் கேட்டார்கள்.

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யூடியூபில் போட்டுவிட்டால் பல விழாக்களின் கதவு மூடிவிடும். வேறெங்கும் வெளிவராத படம்தான் வேண்டும், எங்கள் ஊரில்தான் முதல் திரையிடல் நடக்க வேண்டும் என்று கேட்கிற விழாக்கள் உண்டு. அதனால் 2 வருஷம் படத்தைப் பூட்டி வைத்திருந்தேன். உலகத்துக்கெல்லாம் அனுப்பிய படத்தை என் தெரு பார்க்கவில்லை, சித்திக்கு மட்டும் ஒரு நாள் செல்போனில் காட்டினேன், அவர் "என் அடுக்களை இம்புட்டு அழுக்காவா இருக்கு" என்று கேட்டதோடு சரி.

விழாக்களுக்கு அனுப்புவது எப்படி என்று உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. முன்பெல்லாம் டிவிடியைக் கூரியரில் அனுப்பினார்கள், அப்புறம் வித்தவுட்டபாக்ஸ் என்ற தளம் இருந்தது, அதை 2019-ல் மூடிவிட்டார்கள். 2014-ல் வந்த ஃபிலிம்ஃப்ரீவேயில்தான் இப்போது பெரும்பாலும் எல்லாரும் அனுப்புகிறோம். படத்தின் விவரத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும், அப்புறம் ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு சொடுக்கு, கூடவே கட்டணம். சீக்கிரம் அனுப்பினால் 15 டாலர், தாமதித்தால் 25, அதையும் விட்டுவிட்டால் 'நீட்டிக்கப்பட்ட கடைசி நாள்' என்று 40. டாலர் 80 ரூபாயைத் தாண்டிய காலம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கென்று வங்கி தனியாகப் பிடித்ததும் உண்டு. நான் 34 விழாக்களுக்கு அனுப்பி 61,000 ரூபாய் கட்டினேன். படத்துக்குச் செலவழித்ததில் மூன்றில் இரண்டு பங்கு, படத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கே போய்விட்டது.

அனுப்புவது இவ்வளவு சுலபமானபோது விழா ஆரம்பிப்பதும் சுலபமாகிவிட்டது. ஓர் ஐரோப்பிய நகரத்தின் பெயர், ஒரு சின்னம், நூறு விருதுப் பிரிவுகள், மாதாமாதம் முடிவு, இது போதும். அரங்கம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம், பார்வையாளரும் வேண்டாம். அப்படி ஒன்றில்தான் எனக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. எந்த விழா என்று எழுதப் போவதில்லை, அதைப் போல எத்தனையோ இருக்கின்றன, ஒன்றைச் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும்.

ராத்திரி 2 மணிக்கு மெயில் வந்தது. வீட்டில் எல்லாரையும் எழுப்பிவிட்டேன். மறுநாள் இன்னொரு மெயில்: சான்றிதழ் இலவசம், கோப்பை வேண்டுமானால் 120 டாலர், அனுப்பும் செலவு தனி. கட்டினேன், என்ன செய்ய. கோப்பை வந்தது, உங்கள் நிருபர் அண்ணன் வந்தார், செய்தியும் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே நண்பர்கள் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அம்மா செய்தியை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அந்த வாரம் என் பத்தாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோசம்டே. எந்த ஊர்ல போட்டாங்க, எத்தனை பேர் பார்த்தாங்க?" என்றார். சும்மா ஆசையாகக் கேட்டதுதான். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். விழாக்களுக்கு விமியோ என்ற வீடியோ தளத்தின் இணைப்புதான் கொடுத்திருந்தேன், எத்தனை முறை ஓடியது என்று அதில் காட்டும். அந்த மாதம் சப்டைட்டிலைத் திருத்திப் புதிதாக ஏற்றிய பிரதி, அதன் இணைப்பு அந்த ஒரு விழாவுக்கு மட்டும்தான் போயிருந்தது. எண்ணிக்கை பூஜ்யம்! சிறந்த இயக்குநர் என்று என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிளே பட்டனைக்கூட அழுத்தவில்லை.

எங்கள் ஊரில் விழா என்றால் ஆடித்தபசு. அன்றைக்குக் கோமதி அம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் கையைக் காலை அசைக்க முடியாது. ஆள் வராததை நாங்கள் விழா என்று சொல்வதில்லை, ஆனால் நான் சொன்னேன், நீங்கள் அதை அச்சடித்தீர்கள்.

எல்லா விழாவும் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1954 முதல் நடக்கிறது. கொரோனா வந்த 2020-ல் அவர்களே இணையத்தில்தான் நடத்தினார்கள், ஆகவே இணையத்தில் நடப்பதும் குற்றமில்லை, பார்க்க ஆள் இருந்தால் சரி. கான் விழாவில் குறும்படம் என்றால் 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, ஆஸ்கரில் 40 நிமிடம் வரை விடுவார்கள். கானுக்காகவே என் படத்தில் 2 நிமிடத்தை வெட்டிப் பார்த்தேன். கான் கூப்பிடவில்லை, ஆனால் வெட்டின பிறகுதான் படம் படமாக இருந்தது என்று எடிட்டர் நண்பன் இன்னும் சொல்கிறான். (நான் வெட்டாததைத்தான் மற்ற இடங்களுக்கு அனுப்பினேன், பாசம்.)

வெளிநாடெல்லாம் எதற்கு, திருவனந்தபுரத்தைச் சொல்கிறேன். எனக்குச் சென்னை ஒரு ராத்திரிப் பயணம், திருவனந்தபுரம் நாகர்கோவில் வழியாக அரை நாள். கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்ர அகாடமி 2008 முதல் அங்கே ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. என் படத்தை அவர்கள் எடுக்கவில்லை. இருந்தாலும் பாஸ் வாங்கிக்கொண்டு போனேன். தம்பானூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் 3 அரங்குகள். காலை நேரத்தில், நடிகர் இல்லாத, பாட்டு இல்லாத குறும்படங்களைப் பார்க்க வரிசையில் ஆள் நிற்கிறார்கள், இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்காருகிறார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் படம் முடிந்ததும் இயக்குநரிடம் சண்டைக்கே போனார், அந்த ஷாட் எதற்கு அவ்வளவு நேரம் என்று. எனக்குப் பொறாமையாக இருந்தது. என் படத்தோடு யாரும் அதுவரை சண்டை போட்டதில்லையே!

கடைசியில் 34-ல் உண்மையாகத் திரையிட்டது ஒன்றே ஒன்று, பெங்களூரில். இரண்டு நாள் தங்க இடமும் சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்தார்கள், பயணச் செலவு என்னுடையது. திரையரங்குக்கு டிசிபி வடிவத்தில், அதாவது தியேட்டர் புரொஜெக்டரில் ஓடுகிற டிஜிட்டல் பிரதியாக, கொடுக்க வேண்டும் என்றார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, கல்யாண ஆல்பம் செய்கிற என் கம்ப்யூட்டரில் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். கல்யாணத்துக்கு விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்துப் பழகிய கை, படத்தையும் அப்படியே எடுத்திருக்கிறேன், அவர்கள் கேட்டது 24. மாற்றியதில் படம் 42 விநாடி நீண்டு, சித்தியின் குரலே லேசாகக் கனத்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

படத்தின் கடைசிக் காட்சியில் மிஷினைக் குட்டியானையில் ஏற்றுவார்கள். வண்டி கிளம்பும்போது அந்த அம்மா மிஷினைப் பார்த்து "போயிட்டு வா" என்பாள். இந்த ஒரு வரிக்கு ஆங்கில சப்டைட்டில் போட நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. போனது வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரைப் 'போ' என்று நம் வாயால் சொல்ல மாட்டோம். முதலில் வார்த்தைக்கு வார்த்தை போட்டேன், கேலியாக இருந்தது. கடைசியில் 'குட்பை' என்று போட்டு மனசில்லாமல் அனுப்பினேன். பெங்களூரில் ஒரு 70 பேர் இருந்திருப்பார்கள். அந்த வரி வந்ததும் அரங்கில் பெரிதாக ஒரு மூச்சு விடுகிற சத்தம். யாரும் சப்டைட்டிலைப் பார்க்கவில்லை போல. வெளியே வந்ததும் ஒரு கன்னடத்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஹோகி பா" என்று அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்களாம், அதையே இரண்டு தடவை சொன்னார். அப்புறம், மிஷினை நிஜமாகவே விற்றுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, அது வாடகைக்கு எடுத்தது என்றேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

அங்கே எனக்கு விருது எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அது செய்தியாகவும் இல்லை. நானும் உங்கள் நிருபர் அண்ணனிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விருது வாங்கினேன் என்று யாராவது வந்து நின்றால், உங்கள் நிருபர்கள் என் வாத்தியார் கேட்டதையே கேட்கட்டும்: எந்த ஊரில், எந்த அரங்கில், என்றைக்குப் போட்டார்கள்? பதில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டாம், ஏமாற்றுகிறவன் அவனில்லை, அவனும் காசு கட்டி ஏமாந்தவன்தான். போஸ்டர் முழுக்க விழாக்கள் கொடுக்கிற லாரல் இலை வளைய முத்திரையாக இருக்கும், படத்தின் பெயரே தெரியாது, அத்தனைக்கும் வாழை இலை போட்டிருந்தால் ஊரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் விழா நடத்துகிறது, தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகள் ஊர் ஊராகத் திரை கட்டிப் படம் போடுகின்றன. கோப்பை போட்டோவுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியை, அங்கே என்ன படம் போட்டார்கள், பார்த்தவர்கள் என்ன பேசினார்கள் என்று எழுதக் கொடுக்கலாம்.

வருகிற ஆடியில் எனக்கு வேலை இல்லை, நான் வழக்கமாக வீடியோ எடுக்கும் கல்யாண மண்டபமும் காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தைச் சும்மா தருவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். தெருக்காரர்களுக்குப் படத்தைப் போடப் போகிறேன், சித்தி அதற்குள் அடுக்களைக் காட்சிகளை வெட்டச் சொல்கிறார். உங்கள் நிருபர் அண்ணனையும் அனுப்பி வையுங்கள், இந்தத் தடவை கோப்பை இருக்காது.

திருத்தம் இவ்வளவு போதும்: 'சர்வதேச விருது பெற்றதாக வெளியான குறும்படம் அந்த விழாவில் திரையிடப்படவில்லை என்று அதன் இயக்குநர் தெரிவிக்கிறார்.' எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே சொன்னால் நல்லது. லேமினேட் பண்ணியது இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் பேப்பர் போட வேண்டாம் என்று ஏஜெண்டிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சங்கரன்கோவில்