பேர் கூப்பிட்டா எழுப்பிவிடுறேன்

அன்பான சபையாருக்கும் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கும்,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள். உள் அறையில் என் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள். மூச்சு சீராக வருகிறதா என்று இதுவரை இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். இந்த மடல் முடிவதற்குள் இன்னொரு தடவையும் போவேன்.

என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெபக்குறிப்பாக எத்தனை பேருடைய ஃபோனில் சுற்றியது என்பதும் தெரியும். அதை முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ரூப்பு என்பவருடைய அம்மாவைப் பவுல் வாழ்த்துகிறார். எனக்கும் தாய் என்று ஒரு வார்த்தை, அதோடு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். அந்த அம்மா என்ன செய்தார், எந்த ஊரில் செய்தார், ஒன்றும் கிடையாது. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் என்ற தைரியமாக இருக்க வேண்டும். அதே தைரியத்தில் நானும் தாண்டிப் போகிறேன்.

நன்றி என்றதும், சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த அந்த ஒருவனை வைத்துத் தொடங்கத்தான் கை போனது. அந்தப் பகுதியை நானே உங்களிடம் நாலு தடவையாவது பேசியிருக்கிறேன். நாலாவது தடவை பின்வரிசையில் கொட்டாவி விட்டவர்கள் யார் என்பதும் நினைவிருக்கிறது. வேண்டாம், விட்டுவிடுவோம்.

பிளேட்லெட் கொடுத்தவர்களுக்கு முதல் நன்றி. ரத்தத்தைக் குளிரில் வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பிளேட்லெட் அப்படி இல்லை. அறைச் சூட்டில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். ஆகவே ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் வந்து, மெஷினில் கையைக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் கிடக்க வேண்டும். நீங்கள் கிடந்தீர்கள். யார் கொடுத்தாயிற்று, அடுத்து யார், யாருக்கு ஜலதோஷம் என்று நோட்டுப் போட்டு வரிசை பிடித்த தங்கைக்கு, அந்த நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நன்றி. எங்கள் மகளைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் வீட்டுப்பாடத்தையும் எழுத வைத்த இரண்டு குடும்பங்களுக்கு, விடிகாலை நாலு மணிக்கு ஒருவரை ஒருவர் ஃபோனில் எழுப்பி ஜெபித்த பெரியம்மாக்களுக்கு, பெயர் எழுதாத கவரை எங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன யாரோ ஒருவருக்கு (கையெழுத்து இல்லாவிட்டாலும் கவரை ஒட்டிய விதத்தை வைத்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு), தினமும் வந்து இரண்டே நிமிடம் ஜெபித்துவிட்டுக் கிளம்பிய நம் ஆயருக்கு. ஐயா, சுருக்கமாக ஜெபித்ததற்குத் தனியாக ஒரு ஸ்தோத்திரம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே ஊசி போட்ட நர்ஸ்களுக்கும்.

இத்தனை பேரையும் ஒரே பத்தியில் அடைத்துவிட்டேனே என்று வருத்தப்படாதீர்கள். மீதி இடம் எனக்கு ஒரு பையனுக்காக வேண்டும்.

அவன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். ஆனால் நம் ஐக்கியத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். கடைசி வரிசை, சுவரோரம், ஃபோனில் கண். பாட்டுக் குழுவில் இல்லை, நாடகத்தில் இல்லை. சேவை நாள் என்று நாம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தெரு சுத்தம் செய்யப் போனபோது எடுத்த குரூப் ஃபோட்டோவில்கூட இல்லை. வருடக் கடைசியில் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதிவைப்பது என் பழக்கம், யாருக்கு எந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்காக. அவனுக்கு நேரே இரண்டே வார்த்தை எழுதியிருந்தேன்: ஆர்வம் இல்லை.

அன்றைக்கு அவனுடைய அண்ணனுக்குப் பிளேட்லெட் முறை. இவனும் கூடவே வந்து கையை நீட்டியிருக்கிறான். பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ஆகட்டும் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். படியேறி மேலே வந்தான்.

ஐசியூவுக்கு வெளியே இருந்த வராந்தாவை உங்களில் பலர் பார்த்தீர்கள். ஒன்றோடொன்று கோத்த இரும்பு நாற்காலிகள், நடுவில் கைப்பிடி, காலை நீட்டிப் படுக்க வழியில்லை. கதவு பாதி திறக்கும், ஒரு தலை வெளியே வரும், ஒரு பெயர் கேட்கும். ஒரே ஒரு தடவைதான். யாரும் எழவில்லை என்றால் கதவு மூடிக்கொள்ளும். மருந்து வாங்கக் கூப்பிட்டிருக்கலாம், கையெழுத்துக்கு இருக்கலாம், வேறு எதற்காவதும் இருக்கலாம். அந்த வேறு எதற்காவது என்ற நினைப்பில்தான் அங்கே ஒருவரும் கண்ணை மூடுவதில்லை. எனக்கு அது மூன்றாவது இரவு. எதிரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கப் பார்க்கிறேன், எழுத்துகள் நகர்கின்றன.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, நீங்க தூங்குங்க. பேர் கூப்பிட்டா நான் எழுப்பிவிடுறேன்" என்றான்.

"இல்லப்பா, பரவாயில்ல."

"அக்கா பேரை எப்படிண்ணா கூப்பிடுவாங்க? நாம கூப்பிடுற பேரா, வேற பேரா?"

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சபையில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது வீட்டுப் பெயரை வைத்து. ஃபைலில் இருப்பது நீளமான ஞானஸ்நானப் பெயர், அதோடு என் அப்பாவுடைய பெயரும் சேர்ந்து. முதல் நாள் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கே இரண்டு விநாடி விளங்கவில்லை. ஃபைலைத் திறந்து காட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, இடது உள்ளங்கையில் பெயரையும் படுக்கை எண்ணையும் எழுதிக்கொண்டான். உதடு அசைய இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். "சரிண்ணா" என்றான்.

மூன்று நாளாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைத் தூங்கச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். தூங்குவதற்கு வழி பண்ணிக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். சுவரில் தலையைச் சாய்த்தது வரைதான் ஞாபகம் இருக்கிறது.

தோளில் இரண்டு விரல் பட்டு விழித்தேன். மணி ஐந்தே முக்கால். பதறி எழுந்தவனிடம், "கூப்பிடலண்ணா, கூப்பிடல. ரவுண்ட்ஸ் வர்ற நேரம்னு சொன்னாங்க, முகம் கழுவிக்குவீங்களேன்னு எழுப்பினேன்" என்றான். அண்ணன்காரன் பக்கத்து நாற்காலியில் கையில் பிளாஸ்திரியோடு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். இவன் நின்றுகொண்டிருந்தான். எதிர் வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "உங்க பிள்ளையா? ராத்திரி பூரா உக்காரவே இல்லையே, உக்காந்தா தூங்கிருவேன்னு நின்னுக்கிட்டே இருந்தான்" என்றார்.

அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தேன். என் மனைவியின் பெயருக்குக் கீழே இன்னும் நாலு பெயர்கள். உள்ளங்கையில் இடம் போதாமல் கடைசிப் பெயர் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. அந்தப் பாட்டி பாத்ரூம் போகும்போது தன் பேரனுடைய பெயரைச் சொல்லிக் காதில் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். அதைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் ஒரு புதுத் தாயின் அண்ணன். விடியும்போது அந்த வராந்தாவில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பையன் வேர்வையில் பெயர் அழிந்துவிடாதபடி கையை விரித்துப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

அதற்குப் பிறகும் அண்ணனோடு இரண்டு இரவு வந்தான். மூன்றாவது தடவை அவன் அப்பாவே கொண்டுவந்து விட்டுவிட்டு, "நான் இருந்தா உட்கார்ந்துடுவேன் தம்பி, அவனே இருக்கட்டும்" என்று சிரித்தார்.

இரவு முழு ஜெபத்துக்கு உங்களைக் கூப்பிடும்போதெல்லாம் நான் கெத்செமனேயைத்தான் எடுப்பேன், இயேசு பிடிபட்ட இரவில் ஜெபித்த அந்தத் தோட்டத்தை. ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று தூங்கிவிட்ட சீஷர்களிடம் அவர் கேட்ட கேள்வியை உங்களுக்கு நேரே திருப்பி, கொஞ்சம் குரலை உயர்த்தியும் கேட்டிருக்கிறேன். லூக்கா அந்த இடத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறார்: சீஷர்கள் துக்கத்தினால் தூங்கிப்போனார்கள். அந்தச் சொல்லை இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட உரக்க வாசித்ததில்லை. பேச்சுக்கு அது ஒத்துவராது என்று தாண்டியிருப்பேன் போல. துக்கம் மனிதனைத் தூக்கத்தில் தள்ளும் என்பது அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

எலியா தீர்க்கதரிசியின் கதையையும் அப்படித்தான் அரைகுறையாகச் சொல்லி வந்திருக்கிறேன். கர்மேல் மலை, வானத்திலிருந்து இறங்கிய அக்கினி, அதற்குப் பிறகு ஓரேபில் கேட்ட மெல்லிய சத்தம். நடுவில் அவர் போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துத் தூங்கிவிடுகிறார். சாக விரும்பிப் படுத்தவரைத் தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை, தட்டியெழுப்புகிறான். எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து தட்டியெழுப்புகிறான். தோளில் அந்த இரண்டு விரல் பட்டதிலிருந்து, தட்டியெழுப்பி என்ற சொல் என்னை விடவில்லை. தூதன் கையிலும் ஏதாவது எழுதியிருந்ததோ என்னவோ.

வாலிபர் ஊழியத்தின் சரித்திரம் என்று 1844ஐ நான் அடிக்கடி சொல்வேன். லண்டனில் துணிக்கடைச் சிப்பந்தியாக இருந்த 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ், கூட வேலை பார்த்தவர்கள் சிலரோடு மாடி அறையில் கூடி ஜெபித்தது, அது வளர்ந்து ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஆகி உலகம் முழுக்கப் பரவியது. எத்தனை பேரில் தொடங்கி எத்தனை நாடு என்ற கணக்கைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். அந்தச் சிப்பந்திகள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நின்று வேலை பார்த்துவிட்டு, கடைக்கு மேலேயே நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டவர்கள். களைத்துப்போனவர்கள் களைத்துப்போனவர்களைத் தேடிப் போனதில் தொடங்கியது அது. அந்தக் களைப்பை நான் கதையிலிருந்து எடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டேன். நம் சேவை நாளையும் அப்படித்தான் நடத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது. பேனரை நிமிர்த்திப் பிடிக்கவே பாதி நேரம் போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன், நாலு வரியில் முடித்துக்கொண்டேன், ஏன் என்று பலர் கேட்டீர்கள். அந்தப் பையன் கையில் இருந்த ஐந்து பெயர்களில் ஒன்றை, நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பம் உள்ளே போனது, வேறு வழியாக வெளியேறியது. அவர்களும் எங்களைப் போலத்தான் ஜெபித்தார்கள், பக்கத்து நாற்காலியில் இருந்து நான் கேட்டிருக்கிறேன். கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை என்று மைக்கில் சொல்ல வாயைத் திறக்கும்போது அவர்கள் ஞாபகம் வந்துவிட்டது. என் விசுவாசம் குறைந்துபோகவில்லை, பயப்படாதீர்கள். நன்றி நிறைய இருக்கிறது, அதை உரக்கச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பெயர் யாருடையது என்பதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றைச் செய்யப்போகிறேன். அடுத்த மாதத்திலிருந்து நம் ஐக்கியத்தில் இருந்து ஒரு இரவுக்கு இரண்டு பேர் அந்த வராந்தாவில் இருப்போம். நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன், பதில் வர வேண்டும். 18 வயது ஆகாதவர்கள் வீட்டாரோடுதான் வரலாம், பரீட்சை நேரத்தில் யாரும் வரக் கூடாது. டி-ஷர்ட், பேனர், ஃபோட்டோ எதுவும் கிடையாது. என்ன நோய் என்று கேட்கக் கூடாது, அவர்களாகக் கேட்டால் ஒழிய சத்தமாக ஜெபிக்கவும் கூடாது. ஃபைலில் எந்தப் பெயர் இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதல் இரவு என்னுடையது. வருடாந்தர அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று செயலாளர் கேட்டார். போட வேண்டாம் என்றேன்.

வருடக் கடைசிக் குறிப்பு நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தை அப்படியே இருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை. எழுதினது நான்தானே, இருக்கட்டும்.

தம்பி, இதை நீ படிக்கும்போது காது சிவக்கும், "சும்மா இருங்கண்ணா" என்று மெசேஜ் போடுவாய். சரி, இதோடு முடித்துக்கொள்கிறேன். வருகிற மாதம் உனக்குப் பதினெட்டு ஆகிறது, உன் பெயரை நோட்டில் எழுதிவிட்டதாகத் தங்கை சொன்னாள். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் என்று அங்கே எழுதிப் போட்டிருக்கிறார்கள். நீ தூங்கு. காலையில் வந்து நான் எழுப்பிவிடுகிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் அண்ணன்