தகவல் தந்தவர் யார் என்பதையும் காட்டுங்கள்: பழைய இறப்புப் பதிவேடுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர்களுக்கும் ஆவணக் காப்பக அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, உங்கள் அலுவலக அலமாரியில் நூறு வருஷத்துக்கு முந்தைய இறப்புப் பதிவேடுகள் இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். பழைய இறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்குப் பெயர், தேதி, இடம் என்று நாலு வரி தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுப்பதோடு நிறுத்தாமல், பதிவேட்டில் அந்தப் பதிவு இருக்கிற பக்கத்தையே ஸ்கேன் செய்து கொடுங்கள்.

சொத்து, ஓய்வூதியம், காப்பீடு போன்ற காரியங்களுக்கு அந்த நாலு வரி போதும். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு அது போதவே போதாது. ஒரு இறப்புப் பதிவில் இருப்பதெல்லாம் ஒரே ஆள் ஒரே உறுதியோடு சொன்ன செய்தி இல்லை. இறந்த தேதியும் இடமும் பக்கத்தில் இருந்தவர் சொன்னது, பெரும்பாலும் நம்பலாம். இறந்த காரணம், மருத்துவர் பார்த்திருந்தால், அவர் எழுதிக் கொடுத்தது. ஆனால் வயது, பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர்? இறந்தவருக்கே சரியாகத் தெரிந்திருக்குமோ என்னவோ, அதை இன்னொருவர், அதுவும் துக்க வீட்டிலிருந்து நேராக வந்து நின்று, ஞாபகத்தில் இருந்ததைச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டது. பழைய பதிவேடுகளில் 60, 70, 80 என்று பூஜ்யத்தில் முடிகிற வயதுகள் அவ்வளவு அதிகமாக இருப்பது இதனால்தான். அந்த வயதைக் கழித்துப் பிறந்த வருஷத்தைக் கண்டுபிடித்து, பிறகு தப்பான வருஷங்களிலேயே பிறப்புப் பதிவைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் எங்களுக்கு ரொம்ப முக்கியமானது தகவல் தந்தவரின் கட்டம். மகள் சொன்னதா, மருமகன் சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரரா, மருத்துவமனை ஊழியரா என்று தெரிந்தால்தான் மற்ற கட்டங்களை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய முடியும். மகளே வந்து சொல்லியிருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்ன பெயரில், எந்த முகவரியில் இருந்தார் என்பது அங்கே கிடைத்துவிடும், அதுவரை எங்கே போனதென்று தெரியாத ஒரு கிளையே அந்த ஒரு வரியில் பிடிபடும்.

என் கொள்ளுத்தாத்தாவின் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடத்தில் 'தெரியாது' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து வீட்டில் என்னென்னவோ கதைகள். அப்புறம் பதிவேட்டின் மூலப் பக்கமே பார்க்கக் கிடைத்தது. தகவல் தந்தவர் கட்டத்தில் 'வீட்டின் உரிமையாளர்' என்று எழுதி, கீழே கொஞ்சம் கலைந்த ஒரு பெருவிரல் ரேகை. குடியிருந்தவரின் அப்பா பெயர் வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? ஓரத்தில் வேறு மையில் வயதைத் திருத்தி ஒரு சின்னக் குறிப்பும் இருந்தது. தட்டச்சு நகலில் இவை எதுவுமே வரவில்லை.

நகல் எடுக்க எடுக்கப் பிழை சேரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 அன்று பதிவு தொடங்கியபோது, உள்ளூர்ப் பதிவாளர் எழுதியதைக் காலாண்டுக்கு ஒருமுறை கையாலேயே படியெடுத்து மைய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் படியில் இருக்கிற கையெழுத்து தகவல் தந்தவருடையதே இல்லை, படியெடுத்தவர் எழுதியது. ஸ்காட்லாந்தில் 1855-இல் தொடங்கிய பதிவுகளில் இறந்தவரின் பெற்றோர் பெயர், தாயின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் உட்பட, கேட்டு எழுதினார்கள். இன்று 50 வருஷம் கடந்த இறப்புகளின் பக்கங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் அப்படியே காட்டுகிறார்கள். அயர்லாந்தில் பழைய பதிவேட்டுப் பக்கங்கள் அரசின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆக, செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை.

இறந்த காரணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெளியே தருகிற பதிவு நகலில் இறந்த காரணம் இருக்கக்கூடாது என்கிறது. சமீபத்தில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் காரணத்தை மறைக்கும் நாடு எதுவாக இருந்தாலும், நூறு வருஷத்துக்கு முன்னால் போனவருக்கும் அதே பூட்டு எதற்கு? இத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று ஒரு வரம்பு வையுங்கள். திறந்து காட்டும்போது பழைய நோய்ப் பெயர்களை இன்றைய பெயர்களாக மாற்ற வேண்டாம். 'நீர்க்கோவை' (உடம்பில் நீர் கோத்து வீங்குவது) என்று எழுதியிருந்தால் அது இதயத்தால் வந்த வீக்கமாகவும் இருக்கலாம், சிறுநீரகத்தால் வந்ததாகவும் இருக்கலாம். உங்கள் ஊழியர் ஒன்றைத் தேர்ந்து தட்டச்சு செய்துவிட்டால், அது ஊகம் என்பதே பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். எழுத்துப் பிழைகளையும் அப்படியே விடுங்கள், அந்தக் காலத்தில் பெயரை எப்படி உச்சரித்தார்கள் என்பதற்குச் சில நேரம் அந்தப் பிழைதான் ஒரே தடயம்.

கட்டணம் வையுங்கள், அடையாளச் சான்று கேளுங்கள், காத்திருக்கச் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் சம்மதம். காகிதம் பொடிகிற ஏடுகளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஓரக் குறிப்பு வெட்டுப்படாமல் முழுசாக எடுங்கள். தேடுவதற்கான அட்டவணை தயாரிக்கும்போது இறந்தவர் பெயரோடு தகவல் தந்தவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தன் குடும்பத்தின் பழைய பெயர்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவர்