டயர் கடை அண்ணன்மார்களுக்கு: விற்பதற்கு முன் டயரை வாசித்துக் காட்டுங்கள்

தமிழ்நாட்டின் டயர் கடை, பஞ்சர் கடை அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

உங்கள் கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒரே வரிதான் சொல்வார்: “அண்ணே, பின் டயர் வழுக்கையாயிடுச்சு, ஒண்ணு போட்டு விடுங்க.” எந்த டயர் என்று அவர் கேட்பதில்லை. நீங்கள் எடுத்துக் கொடுப்பதை நம்பி, அடுத்த மூன்று நான்கு வருடம் மனைவியையும் பிள்ளையையும் அதன்மேல் ஏற்றிப் போகிறார். அதனால்தான் இந்த மடலை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம். கேட்பது ஒன்றே ஒன்று: பணம் வாங்குவதற்கு முன், டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

100/90-17 55 பி (P) என்று இருந்தால், அகலம் 100 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 90 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். 55 என்பது எடைக் குறியீடு. அந்த ஒரு டயர் 218 கிலோ வரை தாங்கும். ‘பி’ என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. நம் ஊர்ச் சாலையில் வேக எழுத்து அரிதாகத்தான் தொல்லை கொடுக்கும். எடை எண்தான் அடிக்கடி தவறிப்போகிறது. அளவு ஒன்றாகவே இருந்து 4 பி.ஆர்., 6 பி.ஆர். (சுமை தாங்கும் உறுதியைக் காட்டும் ப்ளை ரேட்டிங்) என்று இரண்டு டயர் இருக்கும்போது, விலை குறைந்ததை எடுத்து நீட்டிவிடுகிறோம். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் பால் கேனோ தண்ணீர்க் கேனோ ஏற்றுகிறவருக்கு அது ஆகாது. சுமையில் டயர் கூடுதலாக மடங்கி நிமிரும். அதில் சூடேறி உள்நூல் அறுந்து, பக்கவாட்டு புடைத்துக்கொள்ளும். பழைய டயரில் உள்ள எடை எண்ணுக்குக் குறைந்ததை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

வண்டியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு டயரை இறக்கவும் கூடாது. பழைய ஆக்டிவாவில் முன்னும் பின்னும் 90/100-10. 6ஜி வந்தபோது முன் சக்கரம் 90/90-12 ஆகிவிட்டது. ஸ்பிளெண்டரில் 2.75-18 என்று அங்குலக் கணக்கில் வந்தது பிறகு 80/100-18 என்று மாறியது. கிளாசிக் 350-இன் முன் டயர் 90/90-19 ஆக இருந்து, 2021 மாடலில் 100/90-19 ஆனது. குனிந்து, பழைய டயரையும் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் டயர் அளவு ஸ்டிக்கரையும் சேர்த்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முன்பு ஒருவர் தப்பான அளவைப் போட்டிருக்கலாம் என்பதால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறோம்.

அடுத்தது, எங்களை அதிகம் வருத்தும் விஷயம். “பின்னாடி கொஞ்சம் பெருசா போட்டா கெத்தா இருக்கும்” என்று இளைஞர்கள் கேட்பார்கள். 100/90-17 இருந்த இடத்தில் 120/80-17 ஏறிவிடும், காற்றும் நிற்கும். ஆனால் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள், அது ரிம்மிலேயே வார்த்திருக்கும். 100/90 டயருக்கு 2.15 முதல் 2.75 அங்குல ரிம் சரி. 120/80 டயர் கேட்பது 2.50 முதல் 3.00 வரை. 2.15 ரிம்மில் அதை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு மேடாகக் கூம்பிவிடும். அகலமான டயர் போட்டும் சாலையைத் தொடும் பரப்பு கூடுவதில்லை. நேராகப் போகும்போது குறைந்தே போகலாம். வளைவில் சாய்த்தால் வண்டி சட்டென்று விழுவது போல இருக்கும். டயரின் விட்டமும் சுமார் 612 மில்லிமீட்டரிலிருந்து 624-க்குப் போகிறது. செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசுவதற்கு அந்த 12 மில்லிமீட்டரும் கூடின அகலமும் போதும். எடை கூடி, இழுவையும் மைலேஜும் குறையும். இதையெல்லாம் தெரிந்தும் விற்றால், அந்தப் பையனுக்கு நாம் செய்வது துரோகம். கம்பெனி அளவிலேயே நல்ல ரப்பர் உள்ள டயரை எடுத்துக் காட்டுங்கள், கேட்டுக்கொள்வான்.

நல்ல ரப்பர் எது என்பதற்கு ஒரே விடை கிடையாது. கெட்டி ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்பு குறையும். மென்மையான ரப்பர் மழையில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஆகவே வந்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: தினமும் எவ்வளவு தூரம், பின்னால் ஆளோ சுமையோ உண்டா, மழையிலும் ஓட்டியாக வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தார்ச்சாலையிலும் வெள்ளைக் கோட்டிலும் தினமும் பிரேக் பிடிக்கிறவருக்கு, “நாப்பதாயிரம் கிலோமீட்டர் வரும்” என்ற பேச்சைவிடப் பிடிப்புதான் தேவை. பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டி) வைத்த மண்சாலை டயரை நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குக் கொடுக்க வேண்டாம். பட்டனுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் தாரில் ஒட்டும் ரப்பர் குறைவு. ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் சறுக்கும்.

முன் டயரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. பின் டயர் இரண்டு முறை மாறியிருக்கும். முன்னால் வண்டியோடு வந்ததே ஓடிக்கொண்டிருக்கும். பட்டன் ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகி, பட்டன்களுக்கு நடுவே உள்ள கோட்டுக்குள் மயிரிழை வெடிப்புகள் தெரியும். பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்னால்தான் சாய்கிறது. தயாரித்த தேதியைக் காட்டுங்கள்: நான்கு இலக்கம், 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறையாவது வெடிப்புக்காகச் சோதிக்க வேண்டும். புது டயரை விற்கும்போதும் அதே நான்கு எண்ணைக் காட்டுவதுதான் நேர்மை. கடை வாசலில் வெயிலில் மாலையாகத் தொங்கவிடுவதை நிறுத்தினால், உங்கள் சரக்கும் கெடாமல் இருக்கும்.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு டி.டபிள்யூ.ஐ. (தேய்மானக் குறி) என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ பக்கவாட்டில் இருக்கும். அதற்கு நேரே கோட்டுக்குள் ஒரு சின்ன மேடு. பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. மோட்டார் வாகன விதி 94 இருசக்கர வண்டிக்குச் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர். ஓரத்தைப் பார்த்து ஏமாறாமல் நடுவில் பாருங்கள். நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு நடுதான் தட்டையாகத் தேயும்.

ட்யூப்லெஸ் டயரில் இரண்டு பஞ்சர் வந்ததும் “ட்யூப் போட்டுடலாம்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ட்யூப் போட்டால், ஆணி ஏறியதும் காற்று மெல்ல இறங்கும் நன்மை போய்விடும். ட்யூப் கிழிந்தால் ஒரே மூச்சில் இறங்கும், ஓடும்போது உரசிச் சூடும் ஏறும். ஓட்டை பட்டன் பகுதியில் இருந்தால் ஒழுங்காக அடையுங்கள். பக்கவாட்டில் இருந்தால் அடைக்கவே கூடாது. டயரை மாற்றச் சொல்லுங்கள். சாதாரண ஸ்போக் ரிம்மில் நிப்பிள் துளை வழியாகக் காற்று போகும் என்பதால் அங்கே ட்யூப் வேண்டும். அதில் புது டயருக்குப் புது ட்யூப், நல்ல ரிம் டேப். நீண்டுபோன பழைய ட்யூப் உள்ளே மடிப்பு விழுந்து, மடிப்பிலேயே பிய்யும்.

மாட்டும்போது அம்புக்குறியைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனி அம்பு உள்ள டயர்களும் உண்டு. ட்யூப்லெஸ் என்றால் ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஓரம் ரிம்மில் உட்கார சோப்புத் தண்ணீர் தடவி, காற்றைக் கூட்டி அடிக்கிறோம். பல கடைகளில் வண்டி அந்தக் காற்றோடே வெளியே போகிறது. ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, வண்டிக்கு உரிய அளவுக்கு இறக்குங்கள். பல்சர் 150 என்றால் முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாக ஓட்ட 28, ஆள் ஏறினால் 32. டயரில் அச்சடித்த பெரிய எண் முழுச் சுமைக்கான உச்சவரம்பு, அன்றாட அளவு அல்ல. கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பது அளவு ஆகாது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கேஜ் வையுங்கள்.

பின் சக்கரத்தைக் கழற்றினால், செயின் தொய்வும் இரண்டு பக்க அலைன்மென்ட் கோடும் சரிபார்க்க வேண்டும். டிரம் பிரேக் வண்டியில், பிரேக் தட்டைச் சுழலாமல் பிடித்து நிறுத்தும் ஆங்கர் போல்ட்டை இறுக்கி, காட்டர் பின் இருந்தால் அதையும் மறக்காமல் போடுங்கள். அந்த போல்ட் கழன்றால் பிரேக் மிதித்த நொடியில் தட்டு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். டிஸ்க் என்றால், ஒப்படைப்பதற்கு முன் லிவரையோ பெடலையோ நாலைந்து முறை அழுத்தி பிரேக் ஏறுகிறதா என்று பாருங்கள். முதல் 150 கிலோமீட்டர் வரை புது ரப்பரின் மேல்தோல் வழுக்கும், சாய்த்து ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, கழற்றிய மொட்டை டயர். சூடான கத்தியால் அதில் புதுக் கோடு கிழித்து, கறுப்பு பாலிஷ் தடவி மறுபடி விற்பவர்கள் இருக்கிறார்கள். கோடு ஆழமாவது மிச்சமிருந்த ரப்பரைத் தின்றுதான். உள்நூலுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. அதை வாங்குகிறவர் புது டயருக்குக் காசில்லாதவர். எனவே மொட்டை டயரை மூலையில் போடுவதற்கு முன், ரிம்மில் உட்காரும் ஓரக் கம்பியை ஒரு இடத்தில் வெட்டிவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
தினமும் இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகிறவர்களும், அவற்றைப் பழுது பார்க்கிறவர்களும்