‘கேன்சர் வரும்’ என்பதற்கு அப்புறமும் கொஞ்சம் பேசுங்கள்

மதிப்புக்குரிய மகளிர் நல மருத்துவர்களுக்கு, வணக்கம்.

என் அக்காவுக்கு 41 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நார்த்திசுக் கட்டி, பெரும்போக்கு, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை. எடுத்தது சரியா என்று நான் இப்போது கேட்க வரவில்லை. மூன்றாவது வாரமே ராத்திரியில் உடம்பு குபீரென்று கொதிக்க ஆரம்பித்தது. நைட்டி தொப்பலாக நனைந்து, விடியும்வரை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். தூக்கம் போயிற்று, தொட்டதற்கெல்லாம் அழுகை. போய்க் காட்டினால், "வயசானா அப்படித்தாம்மா" என்றார்கள். ஹார்மோன் மாத்திரை கொடுப்பார்களாமே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வேண்டாம், கேன்சர் வரும்" என்று ஒரே வரி. அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியால் அவள் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. அந்த பயம் எங்கிருந்து வந்தது என்று நானே தேடிப் படித்தேன்.

அமெரிக்க அரசு நிதியில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற ஆய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் இருந்த 16,608 பேரும் கர்ப்பப்பை உள்ள பெண்கள். சராசரி வயது 63. மாதவிடாய் நிற்கும்போது குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனோடு, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போன்ற புரோஜெஸ்டின் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில், 10,000 பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். பக்கவாதமும் 8 பேருக்குக் கூடுதல், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. இந்த எட்டு என்ற எண்ணை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. ‘வரும்’ என்று மட்டும்தான் சொன்னார்கள்.

கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த இன்னொரு பகுதியும் அதே ஆய்வில் இருந்தது. 2004இல் அதையும் நிறுத்தினார்கள், பக்கவாதம் கூடியதால். மார்பகப் புற்றுநோய் அதில் கூடவில்லை. என் அக்கா இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவள். அவளுக்குச் சொல்லப்பட்டதோ முதல் கூட்டத்தின் பயம்.

ஹார்மோன் எல்லோருக்கும் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பொதுவாக எடுக்கக் கூடாது என்று படித்தேன். கர்ப்பப்பை இருந்தால் அதன் உள்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். தோலில் ஒட்டும் பேட்ச், பூசும் ஜெல் ஆகியவற்றின் மருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகாது, அதனால் மாத்திரையைவிட ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. பிறப்புறுப்பு வறட்சிதான் தொல்லை என்றால் அங்கேயே போடும் குறைந்த அளவு க்ரீம் போதும், அது ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, தொல்லை அதிகமாக இருந்தால், நன்மையே பெரிது என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல். இதையெல்லாம் எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பையின் விஷயம் இன்னும் பெரியது. நம் நாட்டில் மாதவிடாய் தானாக நிற்பது சுமார் 46, 47 வயதில். அதற்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிகிறது. எலும்பும் இதயமும் சேர்ந்து அடி வாங்குகின்றன. அதனால்தான், தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் கொடுக்கச் சொல்கிறார்கள். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கர்ப்பப்பை நீக்கம் என்று இருக்கிறது. சினைப்பைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளிடமும் யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பே சினைப்பையை எடுப்பீர்களா, விடுவீர்களா, ஏன் என்று சொல்லுங்கள். முடிந்ததும் அதைத் தமிழில் ஒரு வரி எழுதிக் கையில் கொடுங்கள்.

அக்காவுக்கு இப்போது 44. அடுத்த வாரம் அந்தப் பழைய ஃபைலோடு உங்களில் ஒருவரைப் பார்க்க வருகிறோம். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ, எது வேண்டுமோ எடுத்துப் பாருங்கள். ஹார்மோன் அவளுக்கு ஆகாது என்று முடிவானாலும் சரி, ஏன் ஆகாது என்று அவளிடமே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தங்கை