தளத்தை யார் போட்டாலும் பெயர் நம் பெயரில் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு வியாபாரிகள் எல்லாரும் இணையதளம் தொடங்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடங்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையும், வாசல் பக்கம் சின்னதாக ஒரு கடையும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்களுக்கும் ஒரு தளம் இருக்கிறது. நானும் பாலிடெக்னிக் முடித்த என் அண்ணன் மகளும் உட்கார்ந்து போட்டதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கட்டுரையில் டிசைன், கலர், லோகோ எல்லாம் இருந்தது. முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய கேள்விதான் எங்கேயும் இல்லை. தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகிறது?

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். தளத்துக்கு இரண்டு தனித்தனிச் செலவு உண்டு. ஒன்று பெயர், டொமைன் என்கிறார்களே அது. டாட் காம் ஆகட்டும், நம் நாட்டுக்கான டாட் இன் ஆகட்டும், வருஷக் கணக்கில் பணம் கட்டிப் பதிய வேண்டும். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குக் கட்டலாம். இன்னொன்று நம் பக்கங்களும் படங்களும் தங்குகிற இடம், ஹோஸ்டிங். இந்த இடம் பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். பெயர்ப் பதிவில் நேம்சர்வர் என்று ஒரு கட்டம் இருக்கும்; அதில் புது விவரத்தைப் போட்டால் ஒன்றிரண்டு நாளில் தளம் புது இடத்திலிருந்து திறக்கும். வாடிக்கையாளருக்கு மாறியதே தெரியாது. பெயர் அப்படி இல்லை, அது மனைப் பட்டா மாதிரி. கொத்தனார் வீட்டை நன்றாகக் கட்டினார் என்பதற்காகப் பட்டாவை அவர் பெயரில் எழுதி வைப்போமா?

நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் அதுதான் நடந்திருக்கிறது. தளம் போட்டுத் தருகிறவர் “எல்லாம் நானே பாத்துக்கிறேன், நீங்க பணத்த மட்டும் குடுங்க” என்பார். அவருடைய மெயில் ஐடி, அவருடைய போன் நம்பர், அவருடைய கார்டு என்று பதிந்துவிடுவார். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. பத்துப் பதினைந்து கடைகளின் பெயர்களை ஒரே கணக்கில் வைத்துக்கொண்டால் அவருக்கு வேலை சுலபம், அவ்வளவுதான். அவர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் வேறு வேலை கிடைத்து வெளிநாடு போகும்போதுதான் தெரியும்.

எங்கள் உறவுக்காரர் ஒருவர் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு நடந்தது இதுதான். தளம் போட்ட பையன் வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவன் பழைய ஐடிக்குப் போயின, அதை அவன் திறப்பதே இல்லை. கெடு முடிந்தது, பெயர் போயிற்று, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்த முகவரியைத் தட்டினால் இப்போது ஆன்லைன் ரம்மி வருகிறது. பில் புத்தகம், துணிப்பை, டெலிவரி வண்டியின் முதுகு என்று எல்லா இடத்திலும் அதே முகவரி. கல்யாணச் சீர்வரிசைப் பாத்திரத்தோடு அவர் கொடுத்தனுப்பிய பைகள் எத்தனை வீட்டில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றனவோ! வண்டியில் மட்டும் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்.

டாட் காம் பெயரின் கெடு தாண்டினால் அன்றைக்கே பறிபோய்விடாது. பதிவு செய்த கம்பெனி வழக்கமாகக் கொஞ்ச நாள் அவகாசம் தரும். அதுவும் தாண்டி பெயரை நீக்கிய பிறகு, மீட்டுக்கொள்ள 30 நாள் உண்டு. ஆனால் அப்போது கேட்கும் கட்டணம் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அப்புறம் ஒரு 5 நாள் யாராலும் தொட முடியாமல் கிடக்கும். அதற்குப் பிறகு முந்துகிறவருக்குச் சொந்தம். பல வருஷம் நடந்த தளத்தின் பெயருக்குத் தேடுபொறியில் ஒரு மதிப்பு இருக்கும் என்பதால், இப்படி விழுகிற பெயர்களைப் பொறுக்குவதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். நம் உறவுக்காரர் கையில் கணக்கு இருந்திருந்தால் போனிலேயே பணம் கட்டி முடித்திருப்பார்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். பெயர்ப் பதிவுக் கணக்கு நம்முடைய மெயிலில், நம்முடைய போன் நம்பரில் தொடங்கப்பட வேண்டும். பாஸ்வேர்டு நம்மிடம் இருக்க வேண்டும். பணத்தையும் நாமே கட்டினால் ரசீது நம் பெயருக்கு வரும். தளம் போடுகிறவருக்கு நேம்சர்வர் மாற்றத் தேவைப்பட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிபி சொல்லலாம். நம் மெயில் என்றால் நாம் தினமும் திறக்கிற மெயில். சிங்கப்பூரில் இருக்கும் மகனுடைய பழைய நம்பருக்கு ஓடிபி போகிறது என்றால் அதுவும் வளைகுடா போன அந்தப் பையன் கதைதான். டாட் காம் பதிந்தவுடன் சரிபார்ப்பு மெயில் ஒன்று வரும். 15 நாளுக்குள் அதில் உள்ள சுட்டியைத் தட்டாவிட்டால் தளத்தையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். அப்புறம் முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் வருஷ விலை பெரிய எழுத்தில் இருக்கும், மறுவருஷம் கட்ட வேண்டியது கீழே பொடி எழுத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது பொடி எழுத்தைத்தான்.

“பெயரே எதுக்கு, இலவசமா கிடைக்கிறதுல ஒண்ணு போட்டுக்கலாமே” என்பவர்களும் உண்டு. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்குக் கூகுளே ஒரு குட்டித் தளம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அது அவர்கள் இடம், அவர்கள் முடிவு, கேட்க முடியாது. வரைபடத்தில் கடையைப் பதிவது இன்றும் இலவசம்தான், அதை அவசியம் செய்ய வேண்டும். மார்கழி, பங்குனியில் கல் கருட சேவைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் கடைக்கு அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்கிறார்கள்.

தமிழிலேயே எழுதி டாட் இந்தியா என்று முடிகிற பெயரும் வாங்கலாம், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனில் தமிழ் விசைப்பலகை வைத்துக்கொள்வதில்லை. அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பெயர் கைக்கு வந்தாச்சு. தளம் கட்டுவது அதைவிடச் சின்ன வேலை. நாங்கள் வேர்ட்பிரஸ் பயன்படுத்தினோம். அது 2003 முதல் இருக்கிற இலவச மென்பொருள், உலகத்துத் தளங்களில் பத்தில் நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. முகவரியை https என்று தொடங்க வைத்து, தளத்துக்குப் போய் வரும் விவரத்தைப் பாதுகாக்கிற சான்றிதழுக்கு யாராவது தனியாகப் பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். எங்களைப் போன்ற கடைக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தருகிற இலவசச் சான்றிதழே போதும். ஹோஸ்டிங் கம்பெனிகள் பலவும் அதைத் தாங்களே போட்டுவிடுகின்றன.

தமிழில் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். விசிட்டிங் கார்டு அடித்த அச்சகத்திலிருந்து கடை விவரத்தை வாங்கி அப்படியே ஒட்டினால் “ehr;rpahh;” என்பது போல ஏதோ வரும். அச்சகங்களில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில்தான் பலர் அடிக்கிறார்கள். தளத்துக்கு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் எழுத்து வேண்டும். மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

எங்கள் தொழிலுக்கு நிஜமான வேலை படம் எடுப்பதில்தான் இருக்கிறது. கடைசலும் பாலிஷும் முடிந்து வருகிற பித்தளையில் எதிரே நிற்கிற எல்லாமே தெரியும். தட்டில் பார்த்தால் போனைப் பிடித்த கை, புடவைக் கரை, பின்னால் தொங்கும் காலண்டர் எல்லாம் வளைந்து தெரியும். ஃபிளாஷ் போட்டால் தண்டில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்து கடைசல் வரிகள் அழிந்துவிடும். நாங்கள் காலை எட்டு மணி வாக்கில் திண்ணையில் வைத்து எடுக்கிறோம். மூன்று பக்கமும் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, ஒரு மடிப்பு விலகின இடைவெளியில் போனை மட்டும் நீட்டுவோம். அப்போது பித்தளை மஞ்சளாகவே வரும், அன்னத்தின் இறகுக் கோடுகூட எண்ணலாம். ஒரு விளக்குக்கு முழுப் படம் ஒன்று, பாகங்களைக் கழற்றிப் பாயில் பரப்பி ஒன்று, அடிப்பாகத்தைக் கவிழ்த்து ஒன்று. கவிழ்த்த படத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் வார்ப்பு எவ்வளவு கனம் என்பது அங்கேதான் தெரியும், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். மலேசியாவிலிருந்து ஓர் அம்மா மரையை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பிறந்த வீட்டு விளக்கில் மரை தேய்ந்து தண்டு ஆடுகிறதாம்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். குடவாசல் பஸ்ஸில் போகிறவர் போனில் அது திறக்கவே திறக்காது. 200 கேபிக்குக் குறைத்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

படத்தின் கீழே உயரம், எடை, எத்தனை முகம், எத்தனை பாகமாகக் கழற்றலாம் என்பதை எழுதிவிடுகிறோம். விலைதான் சிக்கல். நாங்கள் எடைக்கு விற்கிறவர்கள், பித்தளை விலை ஏறி இறங்கும். அதற்காக “விலைக்கு அழைக்கவும்” என்று மட்டும் போடுவது எனக்குப் பிடிக்காது. யானை விலை சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே பாதிப் பேர் அழைக்க மாட்டார்கள். எடையைப் போட்டு, கிலோ விலையை ஒரே ஒரு பக்கத்தில் தேதியோடு போட்டுவிட்டால், மாற்றும்போது ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

ஆரம்பத்திலேயே கூடை, கார்டு, கணக்குத் திறத்தல் எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப் பொத்தான் போதும், பணம் யுபிஐயில் வந்துவிடும். வாட்ஸ்அப் பொத்தானுக்கான சுட்டியில் நம் நாட்டு எண்ணான 91-ஐ முன்னால் சேர்த்துப் பத்து இலக்கத்தையும் ஒட்டி எழுத வேண்டும். பிளஸ் குறி, சைபர், இடைவெளி எதுவும் வரக் கூடாது. ஆனால் தளத்திலேயே விற்கத் தொடங்கினால், 2020-ஆம் வருஷத்து மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் நமக்கும் பொருந்தும். கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் விதம், குறை கேட்கிறவர் யார் என்பதெல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டியை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பெரிய விற்பனைத் தளங்களிலேயே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அங்கே எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு எங்கெங்கோ வார்த்த விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. காவிரி வண்டலில் அச்சு பிடித்து வார்க்கிற படத்தை அங்கே போட இடமில்லை, எங்கள் தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்து பட்டறையைக் காட்டச் சொன்னவர்கள் உண்டு.

மாவட்டத் தொழில் மையத்துக்கும், சிறுதொழில் பயிற்சி நடத்தும் மற்றவர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். இணையதளப் பயிற்சி என்று அழைத்தால் முதல் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வந்திருப்பவர்கள் தங்கள் போனிலேயே தங்கள் மெயிலில் பெயர்ப் பதிவுக் கணக்கு ஒன்று தொடங்கட்டும். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கிற ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் தங்கள் முகவரியைத் தட்டட்டும். எந்தக் கம்பெனியில் பதிவாகி இருக்கிறது, எந்தத் தேதியில் கெடு முடிகிறது என்று அது காட்டிவிடும். அந்தக் கம்பெனியின் கணக்குக்குள் தங்களால் நுழைய முடியவில்லை என்றால், தளம் போட்டவர் ஊரில் இருக்கும்போதே பேசி மாற்றி வாங்கிவிட வேண்டும். அதே கம்பெனிக்குள் நம் கணக்குக்கு மாற்றித் தருவது அவருக்குச் சில நிமிஷ வேலைதான். வேறு கம்பெனிக்கே கொண்டுபோவதானால் பெயர் வேறெங்கும் மாறாதபடி கணக்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்துவிட்டு, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை அவர் தர வேண்டும். பாக்கி ஏதாவது இருந்தால் கொடுத்துத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள், அதுதான் மரியாதை.

எங்கள் தளத்தின் முகவரியை இதில் எழுதவில்லை. எழுதினால் விளம்பரப் பிரிவுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

இப்படிக்கு,
விளக்குக் கடைக்காரி ஒருத்தி,
நாச்சியார்கோவில், தஞ்சாவூர் மாவட்டம்.