மாட்டு வண்டியில் போன போர் விமானம்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஜப்பானின் 'ஜீரோ' போர் விமானம் பற்றிய கட்டுரை படித்தேன். வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷிக்கு இரண்டு பக்கம். சரி, தகும். செய்து கொடுத்த கைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவனுக்கு அது உறுத்தத்தானே செய்யும்?

நகோயா நகரில் ஜீரோவைச் செய்த மிட்சுபிஷி ஆலையை ஒட்டி ஓடுதளம் கிடையாது. முதல் ஜீரோவைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, 40 கி.மீ.க்கும் அப்பால் இருந்த ககாமிகஹரா விமானதளத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைய சாலையில் லாரி குலுக்கும் குலுக்கலை அந்த மெல்லிய தகடு தாங்காது. அங்கே திரும்பப் பூட்டி, 1939 ஏப்ரல் 1 அன்று பறக்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோதும் நகோயாவிலிருந்து விமானங்கள் போனது மாட்டு வண்டியில்தான். பிற்பாடு குதிரை வந்தது.

எடை குறைய வேண்டும் என்று உள்சட்டங்களில் எல்லாம் வட்ட வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். படத்தில் பார்க்க அழகு. ஆனால் விளிம்பில் பிசிறு நின்றால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். அரம் பிடித்துப் பழகிய கை வேண்டும். அந்தக் கைகளைத்தான் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1944இல் அவர்கள் இடத்தில் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஆண்டு எல்லா ரகமும் சேர்த்து ஜப்பான் செய்தது சுமார் 28,000 விமானங்கள். அமெரிக்கா சுமார் 96,000.

குண்டுவீச்சுதான் உற்பத்தியை முடக்கியது என்கிறார் கட்டுரையாளர். நகோயாவில் மிட்சுபிஷியின் எஞ்சின் ஆலையை அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தாக்கியது 1944 டிசம்பர் 13. அதற்கு ஆறு நாள் முன்பே நிலநடுக்கம் வந்துவிட்டது. மிட்சுபிஷியின் தோதோகு ஆலை ஒரு பழைய நூற்பாலை. சண்டை விமானம் அல்ல, வேவு விமானம் செய்த இடம். நிலநடுக்கத்தில் அது இடிந்தது. மாண்டவர்களில் ஆறு பேர் கொரியச் சிறுமிகள். ஜப்பானுக்கு வந்தால் படிக்கலாம், சம்பளமும் உண்டு என்று ஆசை காட்டி அழைத்து வரப்பட்டவர்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பாட்டிகளான பிறகும் வழக்கை விடவில்லை. மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் இழப்பீடு தர வேண்டும் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 நவம்பரில்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது இவர்களுக்கு இடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
கோயம்புத்தூர்