காலாண்டு முடிந்த வேளையில் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அக்டோபர் 2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பெரும்பாலான வகுப்புகளில் தேர்ச்சி கூடியிருக்கிறது. குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் கபடி அணி இறுதிச்சுற்று வரை சென்றது. அறிவியல் கண்காட்சி, கட்டுரைப் போட்டி, மரக்கன்று நடும் விழா எல்லாம் சிறப்பாக நடந்தன. திருத்திய விடைத்தாள்களை இந்த வாரம் கொடுத்தனுப்புகிறோம். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இனி, மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு முந்தைய வாரம், கைகழுவும் குழாயடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அடைப்பை எடுத்தபோது சேற்றோடு கை நிறைய நீல மாத்திரைகள் வந்தன. வாரம் ஒரு நாள் மதிய உணவுக்குப் பிறகு வகுப்பாசிரியர்கள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் அவை. பிள்ளைகள் ஆசிரியர் கண்ணெதிரே வாயில் போட்டு, நாக்கடியில் ஒதுக்கி வைத்து, குழாயடிக்கு வந்து துப்பியிருக்கிறார்கள். அதே வாரத்தில் என் மேசைக்கு ஏழு சீட்டுகளும் வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: "என் பிள்ளைக்கு மாத்திரை தர வேண்டாம்."

சீட்டு எழுதிய தாய்மார்கள் சிலரை அழைத்துப் பேசினேன். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்குத் தடையாகிவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். அவர் மனம் திறந்து கேட்டதற்கு நன்றி. அப்படி எதுவும் இல்லை. நீங்கள் கருவுற்றிருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி விழுங்கினீர்களே, அதே இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான் இதிலும் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே மாத்திரை. மலம் கறுப்பது, உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு வெளியேறுவதால், அதில் பயமில்லை. குமட்டல் உண்மைதான். வெறும் வயிற்றில் போட்டால் அது கூடும். சாப்பிட்ட பின் போட்டால் குறையும்.

இரத்தசோகையைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. பையன்களில் 31 பேருக்கு. இரத்தசோகை உள்ள பிள்ளை படுத்த படுக்கையாக இருப்பதில்லை. மூன்றாவது பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 'சோம்பேறி' என்று ஆசிரியர்களாகிய நாங்களும் திட்டியிருக்கிறோம், அதற்காக வருந்துகிறேன். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதந்தோறும் இரத்தம் போகிறது. கூடவே உயரமும் வளர்கிறது. அந்த வயதில்தான் நம் வீடுகளில் முட்டையும் மீனும் முதலில் தம்பி தட்டுக்குப் போகின்றன.

அதைவிட எனக்குக் கவலை தருவது காலை உணவு. இந்தப் பருவத்தில் மூன்று பிள்ளைகள் வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கிச் சரிந்தார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், மூவரிடமும் ஒரே பதில்: டீயும் பொறையும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு கிடைக்கிறது. ஏப்ரல் வரை அங்கே பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்ட குழந்தை, ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு நம்மிடம் வெறும் வயிற்றோடு வருகிறது. பசி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை. இங்கும் அந்த உணவு வர வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். அதுவரை இந்தப் பொறுப்பு உங்களுடையது.

ஐந்தரை மணிக்கே கம்பெனி வேன் வந்துவிடும் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். புதிதாகச் சமைக்கச் சொல்லவில்லை. இராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும். காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்து அவர்களே சாப்பிட்டுக்கொள்வார்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, எள்ளுருண்டை, எதுவானாலும் சரி. சாப்பாட்டோடு மட்டும் டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்பை அது உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை சேர உதவும். முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. முடிந்தபோது கொஞ்சம் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிக் கொடுங்கள். நம் பாட்டிமார் அறிந்த மருந்துதான். ரேஷன் அரிசியில் வெளிறித் தெரியும் மணிகளை 'பிளாஸ்டிக்' என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்து கலந்து செய்த அரிசி மணிகள், நூற்றுக்கு ஒன்று வீதம் சேர்ப்பவை. எறியாதீர்கள். செருப்பில்லாமல் வெளிக்குப் போக விடாதீர்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியாக ஏறிக் குடலில் இருந்து இரத்தம் உறிஞ்சும். ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை தருவது அதற்காகத்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இனி மாத்திரை வேண்டாம் என்ற சீட்டை பிள்ளை கையில் கொடுத்தனுப்பாதீர்கள். உடல்நலக் காரணம் இருந்தால் மருத்துவரின் குறிப்போடு வாருங்கள், அன்றே நிறுத்திவிடுகிறோம். ஐயம் இருந்தால் நேரில் வந்து என்னைக் கேளுங்கள். யாரோ சொன்ன பேச்சை நம்பி ஒரு பிள்ளையின் உடம்பை முடிவு செய்ய உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. பிள்ளைகள் மீதுள்ள கவலையில் வந்த சொற்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்துணவுக் கூடத்துக்கு வாரந்தோறும் கீரை கொண்டுவந்து கொடுக்கும் அம்மாக்களுக்கும், குழாயடியைச் சீர்செய்து கொடுத்த தந்தைக்கும், பிள்ளைகள் உண்ணும்வரை பக்கத்திலேயே நிற்கும் சமையலருக்கும் பள்ளியின் நன்றி. வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கு வருகிறார். வேலை முடிந்து தாமதமாக வருபவர்களுக்காக ஆறரை வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி